நிறுத்தச் சொன்ன மாத்திரை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று ஷீபா கேட்டாள். இப்போது மருந்தகம் அவள் பொறுப்பில் இருக்கிறது. எனக்குக் கீழே ஆறு வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில், "நல்ல அனுபவமா நாலு எழுதுங்க மேடம், பிள்ளைங்களுக்கு ஒரு உற்சாகமா இருக்கும்" என்றாள். நல்ல அனுபவம் நாலு என்னிடம் இல்லை. இருபத்தேழு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில் எனக்கு மிஞ்சியது முழங்கால் வலியும் எரிச்சலும்தான். கெட்ட அனுபவம் ஒன்று இருக்கிறது, அதை எழுதுகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை இருக்கிறது.

ஐம்பத்து மூன்று வயதில் நான் ஏன் விருப்ப ஓய்வு வாங்கினேன் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். "மகனுக்கு ஒடம்பு சரியில்ல, அதான் மேடம் போயிட்டாங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை நான்தான் சொல்ல வேண்டும்.

பதற்றத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகளைப் பற்றியது இது. அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் என்று நம் பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும் அந்தக் குடும்பம். கல்லூரியில் நமக்குப் பூட்டும் சாவியும் படம் போட்டுக் காட்டினார்கள். ரிசப்டர் பூட்டாம், மருந்து சாவியாம். பரீட்சையில் எழுத அது நல்ல படம். கவுண்டரில் நின்று யோசிக்கும்போது அது ஆளைக் கவிழ்த்துவிடும். சாவியை எடுத்துவிட்டால் பூட்டு பழையபடி பூட்டாகிவிடும் என்றுதானே அந்தப் படத்தைப் பார்த்தால் தோன்றுகிறது? எனக்கும் அப்படித்தான் இருபத்தேழு வருடம் தோன்றியது.

நான் இப்போது புரிந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். மூளையில் பதற்றத்தை அடக்குவது காபா என்னும் உடம்பின் சொந்தச் சரக்கு. நரம்பணுவின் மேலிருக்கும் ரிசப்டர் என்னும் கதவைத் திறப்பது அதுதான். கதவு திறந்தால் அந்த நரம்பு அடங்கும். நம் மாத்திரைக்குக் கதவைத் திறக்கத் தெரியாது. அதே கதவில் வேறோர் இடத்தில் ஒட்டிக்கொண்டு கீலுக்கு எண்ணெய் விடுவதுதான் அதன் வேலை. காபா லேசாகத் தொட்டாலே கதவு வழிவிடுகிறது, ஆள் நிம்மதியாகிறான். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. கதவு இத்தனை லேசாகத் திறக்கக்கூடாது என்று வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அதை இறுக்கிக்கொண்டே வருகிறது. எண்ணெய் விழுந்துகொண்டிருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. ஒருநாள் எண்ணெயை ஒரேயடியாக நிறுத்தினால், மாத்திரை தொடங்குவதற்கு முன்னால் இருந்த நிலைமைக்கு ஆள் திரும்புவதில்லை. அதற்கும் கீழே போய் விழுகிறான். கை நடுங்கும், வியர்க்கும், வெளிச்சம் கூசும், சத்தம் பொறுக்காது. கடைசியில் வலிப்பு வரும்.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இந்தக் கதவுகள் எல்லாம் ஒரே வகை இல்லை. தூக்கத்தோடு சேர்ந்தவை ஒரு வகை, பயத்தோடு சேர்ந்தவை இன்னொரு வகை. தூக்கம் சீக்கிரம் பழகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் மாத்திரை போட்டாலும் கண் சொக்குவதில்லை. உடனே ஆள், "இப்பல்லாம் அது ஒண்ணுமே செய்யலக்கா, சும்மா பேருக்குப் போடுதேன்" என்பான். அவன் சொன்னதை நானும் நம்பினேன். ஒன்றும் செய்யாத மாத்திரையை விட்டால் என்ன ஆகிவிடும் என்று அவன் நினைத்தான், நானும் நினைத்தேன். தூக்கம் வராததை வைத்து மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே கதவுகளை இறுக்கும் வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

நம் ஊரில் இந்த மாத்திரை கேட்டு வருகிறவர்களில் கப்பலுக்குப் போகிறவர்கள் அதிகம். ஏழெட்டு மாதம் கடலில் இருந்துவிட்டு விடுமுறைக்கு வருவார்கள். மறுபடி கப்பல் ஏறுவதற்கு முன்னால் கம்பெனி அனுப்பும் மெடிக்கல் என்னும் உடல் பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே சிறுநீரை எடுத்துப் போதை மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் குடும்பத்து மாத்திரையும் அதில் மாட்டும். அதனால் அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எத்தனை நாளில் சிறுநீரை விட்டுப் போகும்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் நான் பேர்போனவள். எந்த மாத்திரை எத்தனை நாள் என்று எனக்கு மனப்பாடம். "மில்லர்புரத்து அக்காட்ட கேளு, டக்குனு சொல்லுவாங்க" என்று நான் குடியிருக்கும் இடத்தைச் சொல்லி ஒருவரை ஒருவர் என்னிடம் அனுப்பிவைப்பார்கள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அந்த அலமாரியிலிருந்து ஒரு மாத்திரையும் நான் எடுத்துக் கொடுத்ததில்லை. அதிலும் பெருமை. கொடுப்பதற்குச் சீட்டுக் கேட்டவள், நிறுத்துவதற்கு எதையும் கேட்கவில்லை. இந்த முட்டாள்தனம் எனக்கு உறைக்க இருபத்தேழு வருடமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கு முந்திய புதன்கிழமை பிரிட்டோ கவுண்டருக்கு வந்தான். எங்கள் தெருப் பையன், என் மகன் கிங்ஸ்லியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். இரண்டு பேரும் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை பார்க்கிறவர்கள், வேறு வேறு கம்பெனி.

"ஆன்ட்டி, ஒரு சந்தேகம். அல்பிரசோலம் எத்தன நாள்ல யூரின்ல இருந்து போவும்?"

"யாருக்குலே?"

"ஒரு பிரெண்டுக்கு. மெடிக்கல் வருது."

"பிரெண்டுன்னா நீதான்."

"சத்தியமா நான் இல்ல ஆன்ட்டி. நான் படுத்தேன்னா பக்கத்துல கிரேன் விழுந்தாலும் முழிக்க மாட்டேன்."

"எல்லாவனும் இதத்தான் சொல்லுதீங்க. பத்து நாளு நிறுத்தச் சொல்லு. தண்ணி நெறைய குடிக்கச் சொல்லு. போ, பின்னால ஆளு நிக்கி."

பின்னால் ஆள் நின்றது உண்மைதான். காயல்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் இன்சுலின் வாங்க வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரிட்டோவுக்கு நான் செலவிட்டது அரை நிமிடம் இருக்கும்.

அப்போது கிங்ஸ்லி விடுமுறைக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் வந்தபோது கொஞ்சம் மெலிந்திருந்தான். வந்த முதல் வாரம் கதவைச் சாத்தாமல் குளித்தான். லிப்டில் ஏற மாட்டேன் என்று கடையில் நாலு மாடி படியேறினான். கேட்டதற்கு, "கப்பல்ல இருந்து பழகிட்டு மம்மி, காத்து வேணும்" என்றான். கப்பலில் இருந்தவனுக்கு மூடிய அறைதானே பழகியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு அவனாகவே சரியானான். சத்தமில்லாமல், சண்டையில்லாமல், வைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டு அமைதியாக இருந்தான். வீட்டுச் சாப்பாடு பிள்ளையைத் தேற்றிவிட்டது என்று நான் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தேற்றியது என் மீன் குழம்பு இல்லை.

அந்த வாரம் வியாழன் வெள்ளியில் அவன் மறுபடி மாறினான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அவன் கையிலிருந்த டீ கப் சாசரில் கிடுகிடுவென்று அடித்தது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் என் கணவரிடம் சொன்னேன். அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிப்பது அவர் வேலை. கடலோடிகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவர் நினைப்பு.

"மெடிக்கலுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்ல. கப்பல் ஏறுறதுக்கு முந்தி எல்லாப் பயலும் இப்படித்தான் இருப்பான். நீ சும்மா கெட" என்றார். நான் சும்மா கிடந்தேன். மருந்தோடு இருபத்தேழு வருடம் இருந்தவள், டாலி கிளார்க் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். கிங்ஸ்லி வரவில்லை. நான் அடுக்களையில் சீலா மீன் கழுவிக்கொண்டிருந்தேன். முகம் கழுவும் இடத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவன் தரையில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். வாயோரம் நுரை. இந்த வேலையில் எத்தனையோ வலிப்பு நோயாளிகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வலிப்பை அத்தனை பக்கத்தில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. மீன் வாடையடிக்கும் கையோடு அவன் தலையை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடத்தில் அதுவாகவே நின்றது. பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றி நம் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம்.

அவசரப் பிரிவில் அன்று இருந்த டியூட்டி டாக்டர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சேலத்துப் பக்கம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"உங்க பையன் ஏதாவது மாத்திரை எடுத்துக்கிறாருங்களா மேடம்?"

"எதுவும் கெடையாது டாக்டர்."

"உங்களுக்குத் தெரியாம ஏதாவது?"

"என் வீட்டுல எனக்குத் தெரியாம மாத்திரையா?" என்றேன். அந்தத் தொனியை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

சர்க்கரை சரியாக இருந்தது. கிங்ஸ்லி கண் திறக்கவில்லை, கூப்பிட்டால் முனகினான். நர்ஸ் அவன் பாக்கெட்டிலிருந்த பொருள்களை எடுத்துத் தட்டில் வைத்தார். போன், சாவி, பர்ஸ். பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த இரண்டு மாத்திரை அட்டைகள். இரண்டும் காலி. பெயர் பளிச்சென்று தெரிந்தது, அல்பிரசோலம்.

டாக்டர் அட்டையைப் பார்த்தார், கிங்ஸ்லியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் இருந்தது. இரண்டு அட்டையையும் அவன் மொத்தமாக விழுங்கிவிட்டான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். மருந்தகத்துக்கு ஆள் அனுப்பி மாற்று மருந்து கேட்டார். ஃபுளுமாசெனில். அதை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள், கையில் தொட்டிருக்க மாட்டீர்கள். நம் மாத்திரை ஒட்டும் அதே இடத்தில் போய் உட்கார்ந்து, மாத்திரையைத் தள்ளிவிட்டு, வேறு எதையும் அங்கே ஒட்டவிடாமல் மறிக்கும் மருந்து.

காலி அட்டையைப் பார்த்ததும் எனக்கும் அதேதான் தோன்றியது. என் பிள்ளை சாகப் பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். என் கணவர் காதோடு சொன்னார்:

"மாத்திரையப் பத்தி எதையும் சொல்லாத. சாப்பிடாம மயக்கம் போட்டுட்டான்னு சொல்லு. இது ஆஸ்பத்திரிச் சீட்டுல ஏறிட்டுன்னா அவன் இனிக் கப்பலையே பாக்க முடியாது."

அந்த நேரத்தில்தான் பிரிட்டோ மூச்சிரைக்க ஓடிவந்தான். என் கணவர்தான் போன் பண்ணியிருந்தார். அவன் கண் தட்டிலிருந்த அட்டைக்குப் போய்விட்டுச் சட்டென்று தரைக்குப் போனது. நான் அவன் சட்டையைப் பிடித்து நடைவழிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஒனக்குத் தெரியும். சொல்லு. எத்தன முழுங்குனான்?"

"ஒண்ணும் முழுங்கல ஆன்ட்டி."

"அப்ப அந்த அட்டை?"

"மிச்சம் கெடந்தத கக்கூஸ்ல கொட்டிட்டான். கையில இருந்தா போட்டுருவேன்னு சொல்லிக் கொட்டிட்டான். அட்டைய மட்டும் வச்சிருந்தான்."

"என்னத்துக்குலே காலி அட்டை?"

"பெறவு கடையில காட்டணும்லா. மெடிக்கல் முடிஞ்சதும் வாங்கணுமே."

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் யாரும் டாக்டர் சீட்டைப் பத்திரமாக வைப்பதில்லை. அட்டையைத்தான் வைத்திருப்பார்கள். பர்ஸில், போன் கவருக்குள், வேதப்புத்தகத்துக்கு நடுவில். கடையில் போய் அதை நீட்டி, "இதே மாத்திர தாங்க அண்ணாச்சி" என்றால் சில கடைகளில் கிடைத்துவிடும். மாத்திரையைத் தூர எறிவார்கள், பெயர் இருக்கிற அட்டையை எறிய மாட்டார்கள். கவுண்டரில் தினமும் பத்துப் பேர் நீட்டும் காலி அட்டையைப் பார்த்து எரிந்து விழுகிறவள் நான். என் மகன் பர்ஸில் இருந்தபோது அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"எப்ப நிறுத்துனான்?" என்றேன்.

பிரிட்டோ என் கையிலிருந்து சட்டையை விடுவிக்கப் பார்த்தான்.

"எப்பலே?"

"புதன்கெழம. நீங்க சொன்ன அன்னைக்கே."

"நான் எங்கலே சொன்னேன்?"

"பிரெண்டுக்குன்னு கேட்டேன்லா ஆன்ட்டி. பத்து நாளுன்னு சொன்னீங்கள்லா. மம்மியே சொல்லிட்டாங்கன்னா பயமில்லன்னு அன்னைக்கே நிறுத்திட்டான். ரெண்டு பேரும் தண்ணிகூட நெறைய குடிச்சோம்."

கூட இருந்து அவனும் குடித்திருக்கிறான். அந்த நிலைமையிலும் ஒரு நொடி எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குப் பிறகு வந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

எத்தனை நாளாகச் சாப்பிட்டான் என்று கேட்டேன். நாலு மாதத்துக்கு மேல் என்றான். கப்பலில் டேங்க் சுத்தம் செய்ய இறங்கியபோது மேல் மூடி எப்படியோ சாத்திக்கொண்டு, இருட்டில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டானாம். அதற்குப் பிறகு நெஞ்சு படபடப்பு. ஏதோ ஒரு துறைமுகத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஊருக்கு வந்த பிறகு அட்டையைக் காட்டிக் கடைகடையாக வாங்கியிருக்கிறான். நம் கவுண்டரைத் தவிர.

நான் உள்ளே திரும்பியபோது ஷீபா மாற்று மருந்தின் கண்ணாடி ஆம்பூலோடு வந்திருந்தாள். என் மகன் என்று தெரிந்து ஆள் அனுப்பாமல் அவளே எடுத்து ஓடிவந்திருக்கிறாள். நர்ஸ் சிரிஞ்சைப் பிரித்துவிட்டார்.

"ஏளா ஷீபா, அத ஒடைக்காத" என்றேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், ரெண்டு காலி ஸ்ட்ரிப் இருக்கு. ஆளு மயக்கத்துல இருக்கார். ஒரு அம்மாவா உங்களால ஏத்துக்க முடியாது, எனக்குப் புரியுதுங்க. கொஞ்சம் வெளிய இருங்க."

"டாக்டர், எங்க ஊர்ல காலி அட்டைன்னா முழுங்குனதுன்னு அர்த்தம் இல்ல. அதுதான் அவங்களுக்குச் சீட்டு. இவன் முழுங்கல, நிறுத்திட்டான். நாலு மாசமா போட்டவன் புதன்கெழமையோட மொத்தமா நிறுத்தியிருக்கான். இந்த மயக்கம் வலிப்புக்குப் பெறவு வருற அசதி. நீங்க இப்ப அந்த ஊசியப் போட்டா, அடுத்த வலிப்பு வரும்போது அத நிறுத்துற ஊசி வேலை செய்யாது. இடத்த அது அடைச்சிட்டு இருக்கும்."

என் கணவர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் உதறவில்லை, பேச்சையும் நிறுத்தவில்லை.

"இத யாரு சொன்னாங்க?" என்றார் டாக்டர்.

"அவன் பிரெண்டு."

"மயக்கத்துல இருக்கிறவரோட பிரெண்டு சொல்றத வச்சு நான் எப்படிங்க முடிவு பண்றது?"

சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். "அவன் கையப் பிடிச்சிப் பாருங்க" என்றேன். அதிகமாக விழுங்கியவனின் கை துவண்டு கிடக்கும். கிங்ஸ்லியின் விரல்கள் அந்த அசதியிலும் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. நாடி ஓடிக்கொண்டிருந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. சட்டை பிழிகிற மாதிரி வியர்வை. இதெல்லாம் முதலிலிருந்தே மானிட்டர் திரையிலும் உடம்பிலும் இருந்தன. காலி அட்டை கண்ணை மறைத்ததால் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

டாக்டர் அவன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "யாரு ஒரேயடியா நிறுத்தச் சொன்னது?"

என் கணவரின் பிடி இறுகியது. கம்பெனி, மெடிக்கல், பையனின் எதிர்காலம் எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. என் வேலையும் இருந்தது. ஷீபா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றேன்.

பிடி விட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பினார். "அத ஓரமா வைங்க சிஸ்டர்" என்றார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே கிங்ஸ்லிக்கு இரண்டாவது வலிப்பு வந்தது. இந்தத் தடவை தானாக நிற்கவில்லை. லொராசெபம் ஊசி போட்டார்கள். நம் அலமாரியின் அதே குடும்பம்தான். இறுகிக் கிடந்த கதவுகளுக்கு மறுபடி எண்ணெய். ஊசி ஏறி முடிந்த சிறிது நேரத்தில் உடம்பு தளர்ந்தது. கட்டில் கம்பியில் அடித்துக்கொண்டிருந்த அவன் குதிகால் நின்றது. அந்தச் சத்தம் நின்றது எனக்கு இன்னும் கேட்கிறது. சொன்னால் உங்களுக்குப் புரியாது.

டாக்டர் ஓரமாக வைத்த ஆம்பூலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு நாள் கழித்து மருந்தகத்துக்கு வந்து, "உங்க ஊர்ல இந்த அட்டை மாதிரி வேற என்னெல்லாம் இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க மேடம்" என்று கேட்டார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறித்துக்கொண்டு போனார். உங்களில் யாரும் இதுவரை அப்படி வந்து கேட்கவில்லை.

பிறகு மனநல மருத்துவர் ஒருவர் கிங்ஸ்லியைப் பார்த்துக்கொண்டார். மாத்திரையை மறுபடி தொடங்கி, மாதக்கணக்கில் துளித்துளியாகக் குறைக்கச் சொன்னார். கதவு மெல்ல இறுகியது, மெல்லத்தான் தளரும். ஒவ்வொரு தடவை குறைக்கும்போதும் நாலைந்து நாள் அவன் எரிந்து விழுவான், நான் பதிலுக்கு எரிந்து விழுவேன், அடுத்த வாரம் சரியாகும். டேங்கில் மாட்டிக்கொண்ட கதையை டாக்டரிடம் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறான். எங்களிடம் அதில் பாதிகூடச் சொன்னதில்லை.

கப்பல் வேலை போனது. வலிப்பு வந்தவனை எந்தக் கம்பெனியும் இப்போதைக்கு ஏற்றாது. குளிரூட்டும் கன்டெய்னர் பழுதுபார்க்கும் இடத்தில் இப்போது வேலை பார்க்கிறான். என் கணவர் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது முதலில் சொன்னது இது: "நீ வாய மூடிட்டு இருந்திருக்கலாம்."

"மூடிட்டு இருந்திருந்தா நவம்பர்ல கல்லறைத் திருநாளுக்கு அவனுக்குப் பூ வாங்கிட்டுப் போயிருப்போம்" என்றேன். அவருக்கும் தெரியும். தெரிந்தும் தெருவில் யாராவது, "மவன் எந்தக் கப்பல்ல இருக்கான் அண்ணாச்சி?" என்று கேட்டால் அவர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடிவதில்லை.

நான் வேலையை விட்டதற்கு யாரும் காரணம் இல்லை. ஆஸ்பத்திரியில் என்னை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் கவுண்டரில் நின்று யாராவது ஏதாவது கேட்டால் எனக்கு வாய் வரவில்லை. பாரசிட்டமால் எத்தனை வேளை என்று கேட்ட பெண்ணிடம் அவள் குடும்ப வரலாற்றையே விசாரித்தேன். அவள் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டாள். அப்படியும் ஒரு மருந்தாளுநர் இருக்கக்கூடாது.

நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருங்கள். நடு எங்கே என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் யாராவது இந்த மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிக் கேட்டால், எத்தனை நாள் என்று பதில் சொல்லாதீர்கள். எத்தனை மாதமாக, எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். குடிக்கிறானா என்று கேளுங்கள், சாராயமும் அதே கதவில்தான் வேலை செய்கிறது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போகாமல் ஒரு மாத்திரையும் குறைக்காதே என்று சொல்லுங்கள். பின்னால் ஆள் நின்றால் நிற்கட்டும். முனகுவார்கள், முனகட்டும். நண்பனுக்கு என்று கேட்டால், அந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு காலையில் கால் மாத்திரையை வெட்டிக் கிங்ஸ்லியின் தட்டோரம் வைத்தேன். அவன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டான்.

"மம்மி, அன்னைக்குப் பிரிட்டோவ அனுப்பாம நானே கவுண்டருக்கு வந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"எத்தன மாசமா, எங்க வாங்குன, எவன் குடுத்தான்னு கேட்டுத் தோல உரிச்சிருப்பேன்."

"அப்ப பிரிட்டோட்ட ஏன் கேக்கல?"

நான் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"அவனுக்கு முன்னால எத்தன பேருக்கு இப்படிச் சொல்லியிருப்ப?"

"எண்ணுனதில்லய்யா."

"நான் வீட்டுல விழுந்தேன், நீ தலையப் பிடிச்ச. அவனுவ எங்கன விழுந்தானுவளோ" என்றான். கால் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

எனக்கு முகம் ஞாபகம் இருப்பவர்கள் ஏழு பேர். பிரிட்டோவை வைத்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேரோடு போனில் பேசிவிட்டேன். அதில் ஒருவன் கைநடுக்கத்தோடு பாதி வழியில் தானாகவே மறுபடி தொடங்கியிருக்கிறான், அதனால் பிழைத்தான். மற்ற மூன்று பேரும் சும்மா இரண்டு வாரம் போட்டவர்கள், ஒன்றும் ஆகவில்லை. "என்னக்கா, இதுக்கா போன் போட்டீங்க?" என்று ஒருவன் சிரித்தான். இன்னும் மூன்று பேர் போனை எடுக்கவில்லை. கடலில் இருப்பார்கள், சிக்னல் கிடைக்காது என்று பிரிட்டோ சொல்லுகிறான்.